கேட்டைத் திறக்காத சம்பந்தியம்மாவுக்கு

மேலக்கரை,
கூத்தாநல்லூர் வழி,
பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை காலை.

பெருமதிப்பிற்கும், நடுவில் சில நாள் கடுங்கோபத்துக்கும், இன்று முழுக்க முழுக்க நன்றிக்கும் உரிய சம்பந்தியம்மா எல்லையம்மாள் அவர்களுக்கு,

தங்கள் மருமகள் தர்ஷினியின் அப்பா மனோகரன் கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி மங்களாம்பிகையும் சௌக்கியம்; மாடு கன்றும் சௌக்கியம். அங்கே தாங்களும், கடலுக்குப் போயிருக்கும் சம்பந்தி நாகநாதன் அவர்களும், துபாய் வெயிலில் வேகும் மாப்பிள்ளை தமிழரசனும், என் மகளும், அவள் வயிற்றில் வளரும் சின்ன முதலாளியும் ஒரு குறையுமில்லாமல் இருக்க எங்கள் ஊர் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இப்போதைக்கு வேறு எந்தச் சாமியை வேண்டிக்கொள்ளவும் எனக்குத் தைரியமில்லை. இந்தக் காகிதத்தைத் தொடத் தாங்கள் பயப்பட வேண்டாம். எனக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, கடைசிப் பொருக்கும் உதிர்ந்துவிட்டது, டாக்டரம்மாவும் பார்த்துவிட்டு, "இனிமே உங்களால யாருக்கும் ஆபத்து இல்ல" என்று சொல்லிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தை யாரும் சொன்னதில்லை என்கிறாள் மங்களம்.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் சம்பந்தியம்மா, போனில் தங்களிடம் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்தவர் நாகப்பட்டினத்திலேயே யாரும் கிடையாது. துறைமுகத்து ஏலத்தில் பழகிய குரல். இப்போது கருவாட்டு மொத்த வியாபாரம் வந்த பிறகும் அந்தக் குரல் இறங்கவில்லை. "சொல்லுங்கண்ணே" என்பீர்கள். நான் "அது வந்து" என்று தொடங்குவதற்குள் கேள்வியும் நீங்களே கேட்டு, பதிலும் நீங்களே சொல்லி, "சரிண்ணே, வச்சிர்றேன்" என்று வைத்தும் விடுவீர்கள். நானோ எங்கள் பாசன வாய்க்கால் சங்கத்துக்குச் செயலாளராக இருந்து, தூர் வாரித் தரச் சொல்லி மனு எழுதியே தலை நரைத்தவன். முன்னுரை இல்லாமல் எனக்கு எதுவும் வராது. ஆகவே கடிதம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், தங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும் என் பக்கத்து நியாயம் தெரியாதல்லவா. மாசியில் சம்பா அறுவடை முடிந்து நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவிட்டு, முறை வரும்வரை குவியலுக்குக் காவல் கிடந்தேன். பனி கொட்டியது. பக்கத்துக் குவியல் எங்கள் தெருப் பையன் பிரபுவினுடையது. அவனிடம் இருந்த தார்ப்பாய் பூராவும் ஓட்டை. வாடா என்று என் தார்ப்பாய்க்குள் கூப்பிட்டுப் படுக்க வைத்தேன். என்னுடைய இரக்க குணம் எனக்கு எப்போதுமே எதிரி. அவன் புரண்டு புரண்டு சொறிந்துகொண்டே, "பெரியப்பா, ஒடம்பெல்லாம் அரிக்குது" என்றான். நெல்லோடு புழங்குகிறவனுக்கு அரித்தால் என்ன அர்த்தம்? "நெல்லுச் சொணடா, தேங்காண்ணெய் தடவு, சரியாப் போயிரும்" என்று நானே வைத்தியம் சொன்னேன். மறுநாள் விடிந்து பார்த்தால் பையன் முகத்தில் முத்து முத்தாக நீர் கோத்து நிற்கிறது. எங்கள் பக்கம் அதன் பேரைச் சொல்ல மாட்டோம், "அம்மா வந்திருக்கா" என்போம். அவன் வீட்டுக்குப் போய் வேப்பிலையில் படுத்தான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை, ஆகவில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மங்களம் அதைத் தர்ஷினிக்குப் போனில் சொன்னாள்; தர்ஷினி தங்களுக்குச் சொன்னாள்.

அது நடந்து இரண்டு வாரம் கழித்துத்தான் வளைகாப்புக்கு நாள் குறிக்கத் தங்கள் வீட்டுக்குக் கிளம்பினேன். மங்களத்துக்கு அன்று மூட்டுவலி, வரவில்லை. எங்கள் ஊர் டிரைவர் புகழேந்தியின் வாடகைக் காரில் ஜாங்கிரித் தட்டு, பூ, பழம், மகளுக்கென்று கும்பகோணத்தில் தேடி வாங்கிய கண்ணாடி வளையல், எல்லாம் ஏற்றிக்கொண்டு, வெள்ளை வேட்டியும் விபூதியுமாக வந்து இறங்கினேன். தங்கள் வீட்டுக் கேட்டில் கை வைத்ததும் உள்ளேயிருந்து ஒரு சத்தம்.

"அண்ணே, அங்கயே நில்லுங்க!"

நாய் ஏதும் அவிழ்ந்துவிட்டதோ என்று நினைத்து நின்றேன். நீங்கள் வாசல்படியில் வந்து நின்றீர்கள், கீழே இறங்கவில்லை.

"நெல்லுக்குக் காவக் கெடந்த பையனுக்கு அம்மா வந்திருக்காமே. நீங்களும் அவனும் ஒரே தார்ப்பாய்க்குள்ளதான படுத்திருந்தீங்க?"

"அது ஆகி ரெண்டு வாரம் ஆச்சும்மா. எனக்கு ஒண்ணும் இல்ல. பாருங்க, கல்லு மாதிரி இருக்கேன்."

"ரெண்டு வாரம் ஆச்சுன்னுதாண்ணே நானும் சொல்றேன். இனிமேதான் வரும். ஸ்கேன் எடுத்த டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காங்க. ஒங்க பொண்ணுக்கு இதுவரைக்கும் போட்டதே இல்லயாம். வயித்துல புள்ள இருக்குற நேரத்துல, போட்ட ஆளும் பக்கத்துல வரக்கூடாது, போடப்போற ஆளும் வரக்கூடாதுன்னுட்டாங்க."

"போடப்போற ஆள எப்படிம்மா கண்டுபிடிப்பீங்க?"

"கழுத்தச் சொறிஞ்சுக்கிட்டே பேசுறாரு பாருங்க, அப்படித்தான்."

"இது நெல்லுச் சொணம்மா!"

"வித்து முடிச்ச நெல்லுக்கு இன்னுமா சொண?"

எதிர்வீட்டில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். புகழேந்தி காரின் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் சிரிப்பை அடக்கினான். நீங்கள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கேட்டுக்கு வெளியே போடச் சொல்லி, ஸ்டூலின் மேல் ஒரு டம்ளர் காபியை வைக்கச் சொல்லி, நான் எடுத்துக் குடித்து முடித்ததும் சொன்னீர்களே ஒரு வார்த்தை: "டம்ளரையும் கொண்டு போயிடுங்கண்ணே, திருப்பித் தர வேணாம்." சம்பந்தியம்மா, நான் மனு கொடுக்கப் போன ஆபீஸ்களில் என்னென்னவோ கேட்டிருக்கிறேன். காபி கொடுத்த டம்ளரோடு என்னை அனுப்பியவர் யாருமில்லை. அப்போது மாடியில் தர்ஷினி வந்து நின்றாள். பொங்கலுக்குப் பார்த்தது, வயிறு நன்றாகத் தெரிந்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை ஆட்டி, "அப்பா, கோச்சுக்காதீங்கப்பா" என்றாள். நானும் டம்ளர் இருந்த கையை ஆட்டினேன். தட்டுகளைக் கேட்டடியில் வைத்துவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், நேரே காரில் ஏறி ஊர் வந்து சேர்ந்தேன்.

வழியெல்லாம் கொதித்தேன். "இனிமே அந்த வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்டா" என்று புகழேந்தியிடம் சொன்னேன். "இன்னைக்கும் மிதிக்கலையேங்க" என்றான். வீட்டுக்கு வந்து டம்ளரை மங்களத்தின் முன்னால் வைத்து, உன் சம்பந்தியம்மா கொடுத்த சீர் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தேன். அவமானத்தில்தான் உடம்பு சுடுகிறது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் மங்களம் என் நெற்றியை உற்றுப் பார்த்தாள். "என்னங்க இது, முத்து மாதிரி?" "சொண" என்றேன். "சரி, முதுகத் திருப்புங்க" என்றாள். திருப்பினேன். அவள் நேரே வேப்பிலை ஒடிக்கப் போய்விட்டாள்.

கூத்தாநல்லூர் டாக்டரம்மா என்னைத் தனியாக உட்கார வைத்துப் பார்த்தார். "இது எத்தனை நாளைக்கு டாக்டர் அடுத்தவங்களுக்கு ஒட்டும்?" என்று கேட்டேன். இன்னின்ன தேதி முதல் இன்னின்ன தேதி வரை என்று சொல்வார், எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. "எல்லாரும் அங்கதான் தப்புப் பண்றாங்க. கொப்புளம் வெளியில தெரியறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே ஒட்ட ஆரம்பிச்சிடும். அப்ப அவங்களுக்கே தெரியாது. அப்புறம் கடைசிக் கொப்புளம் காஞ்சு பொருக்குத் தட்டுற வரைக்கும் ஒட்டும். சில பேருக்குச் சீக்கிரம் காயும், சில பேருக்கு இழுக்கும். காலண்டரப் பாக்காதீங்க, உடம்பப் பாருங்க" என்றார். பிறகு, "நேத்து, முந்தாநாள் எங்கயாச்சும் போனீங்களா? மாசமா இருக்கிற பொண்ணு யாராவது பக்கத்துல இருந்தாங்களா?" என்று கேட்டார்.

முந்தின நாள் நான் எங்கே நின்றேன் என்பது அப்போதுதான் உறைத்தது. "மகள் வீட்டுக்குப் போனேன் டாக்டர், ஏழு மாசம். ஆனா கேட்டுக்கு வெளியதான் நின்னேன். உள்ள விடல" என்றேன். "யாரு விடல?" "என் சம்பந்தியம்மா." டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அவங்களுக்கு ஒரு மாலை வாங்கிப் போடுங்க" என்றார்.

கேட்டு திறந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும் சம்பந்தியம்மா. நேரே உள்ளே போய் மகளை இழுத்து அணைத்து உச்சி முகர்ந்திருப்பேன். வளையலை என் கையாலேயே மாட்டிவிட்டிருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து ஜாங்கிரியைப் பிட்டு வாயில் கொடுத்திருப்பேன். பெற்றவன் பாசத்தில் என்னென்ன செய்வானோ அத்தனையும் செய்து, அவளுக்கும் அந்தப் பிள்ளைக்கும் இதைக் கொடுத்துவிட்டு, மனம் நிறைந்து ஊர் திரும்பியிருப்பேன். டாக்டரம்மா அதனால் வரக்கூடியது என்னவென்று சொன்னதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்கள் அவளுக்கு மாமியார். நான் பெற்றவன். அன்றைக்கு அவளுக்குத் தாயும் தகப்பனுமாக நின்றது நீங்கள்தான்.

கேட்டுக்கு வெளியே நின்றதால் பயம் ரொம்பக் குறைவு, ஆனாலும் மூன்று வாரம் போகட்டும், அப்புறம் நிம்மதியாக இருங்கள் என்றார் டாக்டரம்மா. அந்த மூன்று வாரம் நான் பட்ட பாடு அம்மையில் பட்ட பாட்டைவிடப் பெரிது. தினமும் விடிந்ததும் தர்ஷினியை வீடியோவில் கூப்பிட்டு, முகத்தைக் காட்டு, கையைக் காட்டு, கழுத்தைக் காட்டு என்பேன். ஒருநாள் கன்னத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. நான் போட்ட கூச்சலில் மாட்டுக் கொட்டகையில் கன்று கயிற்றை அறுத்துக்கொண்டது. தர்ஷினி கன்னத்தைத் தடவி எடுத்துக் காட்டினாள். தூக்கத்தில் நெற்றியிலிருந்து நழுவிய ஸ்டிக்கர் பொட்டு. அன்றிலிருந்து அவள் பொட்டை எடுத்துவிட்டுத்தான் எனக்கு முகம் காட்டுகிறாளாம். தாங்கள் ஜாங்கிரியைக் கொட்டிவிட்டு, வளையலை மஞ்சள் தண்ணீரில் கழுவி மொட்டைமாடியில் காயவைத்ததையும் சொன்னாள். அப்போது எனக்குக் கோபம் வரவில்லை, ஜாங்கிரிக்காகக் கொஞ்சம் வருத்தம் மட்டும் வந்தது.

இங்கே எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வாசலில் வேப்பிலை, அடுப்பில் தாளிதம் கிடையாது, கடுகு வெடிக்கக் கூடாது, சீப்பு தலையில் படக்கூடாது. அதெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். தங்களுக்குத் தெரியும், அம்மா வந்திருக்கும் வீட்டில் யாரையும் "வாங்க" என்று கூப்பிடக்கூடாது, வந்தவரும் "போயிட்டு வர்றேன்" என்று சொல்லக்கூடாது. சொன்னால் அவளும் போய்விட்டுத் திரும்பி வருவாளாம். நானோ எதிரியையும் "வாங்க, உக்காருங்க" என்று சொல்லிப் பழகியவன். வாய்க்கால் தூர் வாருவது பற்றிப் பேச, பத்து மனுவுக்குப் பிறகு, ஒரு என்ஜினீயர் முதல் முறையாக என் வீடு தேடி வந்தார். நான் ஜன்னல் வழியாக வாயை இறுக மூடிக்கொண்டு அவரையே பார்த்தேன். அவரும் பார்த்தார். இவருக்கு ஏதோ மனவருத்தம் என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டார். என் சிநேகிதர் அல்லா பிச்சை பாய் தினமும் இளநீர் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுத் தெருவில் நின்றே பேசுவார். சொல்லிக்கொள்ளாமல் போகவேண்டும் என்று மங்களம் அவரிடம் ஒருமுறை சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், அதிலிருந்து மனுஷன் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே, பாதி வாக்கியத்தில், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நான் கண்ணை மூடிக்கொண்டு கர்நாடகாக்காரன் தண்ணீர் விடாத கதையை வெறும் தெருவுக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்றைக்குத்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் சூடேற்றிய தண்ணீரைத் தலையில் ஊற்றி முடித்ததுமே, "அம்மா எறங்கிட்டா, இன்னைக்கே போயிப் புள்ளயப் பாத்து, கையோட கூட்டியாந்துருவோம்" என்று மங்களம் புகழேந்திக்குப் போன் போட்டுவிட்டாள். ஊர் வழக்கம் அப்படித்தான், மூன்று தண்ணீரோடு சரி. ஆனால் என் இடது காதுக்குப் பின்னால் ஒரே ஒரு முத்து காயாமல் நீரோடு நின்றது. மற்றதெல்லாம் கருத்துப் பொருக்குத் தட்டிவிட்டது, இது மட்டும் பிடிவாதமாக நிற்கிறது. "அது கொசுக்கடிங்க" என்றாள். "காதுக்குப் பின்னால வந்து கடிக்கிற கொசு எது?" என்றேன். பாய் டார்ச் அடித்து ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "சந்தேகமா இருக்கு" என்று சொல்லி, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். மங்களம் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள், காரும் வந்துவிட்டது. நான் போய் எங்கள் வீட்டுக் கேட்டைச் சாத்தி, குறுக்கே நின்று, "இங்கயே நில்லு! காலண்டரப் பாக்காத, காதப் பாரு!" என்று கத்தினேன். என் வாயிலிருந்து வந்தது தங்கள் குரல் சம்பந்தியம்மா. புகழேந்தியே திரும்பிப் பார்த்தான். மங்களம் படியில் உட்கார்ந்து அழுதாள். பெண்ணைப் பார்க்கத் துடிக்கிறவளை மறித்து நிற்பது எவ்வளவு சங்கடமான வேலை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதை நீங்கள் சிரித்த முகத்தோடு, காபியும் கொடுத்துச் செய்தீர்கள்.

அந்தக் கடைசி முத்தும் காய்ந்து பொருக்காகி உதிர்ந்துவிட்டது. நேற்றோடு டாக்டரம்மா சொன்ன மூன்று வாரமும் முடிந்தது. தர்ஷினியின் உடம்பில் ஒரு புள்ளி இல்லை. நேற்று சாயங்காலம் மாரியம்மன் கோவிலுக்குப் போய்த் துள்ளுமாவும் பானகமும் படைத்துவிட்டு வந்தோம். அர்ச்சனையை யார் பேருக்கு என்று பூசாரி கேட்டார். என் பேர் வாயில் வரவில்லை, எல்லையம்மாள் என்றேன். நட்சத்திரம் கேட்டார், தெரியாது, எந்த நட்சத்திரமானாலும் நல்ல நட்சத்திரம்தான் என்றேன்.

ஆகவே இக்கடிதத்தின் நோக்கம் யாதெனில், எங்கள் வீட்டில் மறுபடி "வாங்க" என்று சொல்லலாம் என்று ஆகிவிட்டபடியால், முதல் "வாங்க"வைத் தங்களுக்கென்றே வைத்திருக்கிறேன். இன்னும் அதை யாரிடமும் சொல்லவில்லை. காலையில் பால்காரரிடம்கூடத் தலையைத்தான் ஆட்டினேன். கடலிலிருந்து சம்பந்தி வந்ததும் இருவருமாகத் தர்ஷினியை அழைத்துக்கொண்டு வாங்க. வளைகாப்பை இங்கேயே நடத்தி, பிரசவம் வரை அவளை நாங்கள் வைத்துக்கொள்கிறோம். கிழக்கு அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. மங்களம் தொட்டில் புடவையைத் துவைத்து மடித்துவைத்துவிட்டு, அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாங்க, வாங்க, அவசியம் வாங்க. எங்கள் வீட்டுக் கேட்டைக் கழற்றியே வைத்துவிடுகிறேன்.

பெரியவர்களுக்கு எங்கள் நமஸ்காரம். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசீர்வாதம். பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கு நெல்லும் மீனும் என்றும் குறையாதிருக்கட்டும். பாட்டியின் குரல் அதற்கும் வாய்க்கட்டும்.

தங்கள் நன்றியுள்ள,
மேலக்கரை மனோகரன்

பின்குறிப்பு: மேலே எழுதியிருக்கும் "வாங்க" அத்தனையையும் தயவுசெய்து அடித்துவிடவும். தர்ஷினியை அழைத்துக்கொண்டு வர வேண்டாம். கடிதத்தை மடித்து உறையில் போடும்போது சம்பந்தியிடமிருந்து போன். படகு கரைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறதாம், இப்போதுதான் சிக்னல் கிடைத்ததாம்.

"மச்சான், ஒண்ணு கேப்பேன். எல்லகிட்ட சொல்லக்கூடாது. ஒங்களுக்கு மொதல்ல ஒடம்புல எங்க வந்துச்சு?"

"எது மச்சான்?"

"அதான், அந்தச் சொண."

சம்பந்தியம்மா, அன்று நான் நேரே ஊர் வந்து சேரவில்லை. உங்கள் தெருமுனையில் கார் திரும்பும்போது சம்பந்தி சட்டைகூடப் போடாமல் பின்னால் ஓடி வந்து நிறுத்தினார். "அவ அப்படித்தான் மச்சான், மனசுல வச்சுக்காதீங்க" என்று டீக்கடைக்கு இழுத்துப் போய், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வடையைப் பிய்த்து ஆளுக்குப் பாதியாகத் தின்றோம். "எனக்கெல்லாம் சின்ன வயசுலயே போட்டாச்சு" என்றார். அவருக்குச் சின்ன வயதில் வந்தது தட்டம்மையாக இருந்திருக்கும் போலிருக்கிறது. நேற்று காலையில் நெஞ்சில் ஆரம்பித்து இப்போது முகம் பூராவும் பொங்கிவிட்டதாம். படகில் இருக்கும் மற்றவர்கள் எல்லாருக்கும் முன்பே வந்து போனதுதானாம். உடனே டாக்டரம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். சம்பந்தி கடலுக்குப் போய் ஒரு வாரம் ஆகிவிட்டது, முத்து வந்தது நேற்று. ஆகவே வீட்டில் இருந்தவரை யாருக்கும் ஒட்டியிருக்காது, பயமில்லை, ஆனால் இனி வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்றார். சம்பந்தியின் திட்டமோ வேறு. இருட்டியதும் வந்து, சத்தமில்லாமல் மாடியில் போய்ப் படுத்துக்கொண்டால் உங்களுக்குத் தெரியாதாம். மாடியில் இருப்பது யார் என்று அவர் யோசிக்கவில்லை.

இதைச் சொல்லத்தான் சற்று முன் தங்களுக்குப் போன் செய்தேன். "எடை போட்டுக்கிட்டு இருக்கேண்ணே, அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டீர்கள். ஆகவே கடிதமே கதி. நானும் புகழேந்தியும் இப்போதே கிளம்புகிறோம். நான் துறைமுகத்தில் இறங்கிப் படகுக்குக் காத்திருப்பேன். அவன் வந்து கேட்டுக்கு மேலே கையை நீட்டி இதைக் கொடுப்பான். சம்பந்தியை அப்படியே எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுகிறேன். எனக்கு வந்து போய்விட்டது, மங்களத்துக்கும் புகழேந்திக்கும் சின்ன வயதிலேயே வந்து போய்விட்டது. வாசலில் கட்டிய வேப்பிலை இன்னும் அவிழ்க்கவில்லை, பாயும் மடிக்கவில்லை. இளநீர் கொண்டுவர பாய் இருக்கிறார். கடைசி முத்து காய்கிறவரை சம்பந்தி என் பொறுப்பு. காதுக்குப் பின்னாலும் நானே பார்க்கிறேன். அதற்குள் மீன்பிடித் தடைக்காலமும் வந்துவிடும், கடலுக்குப் போக வேண்டுமே என்ற கவலையும் இல்லை. திருப்பித் தர வேண்டாம் என்றீர்களே ஒரு டம்ளர், அதில்தான் அவருக்கு மோர். விஷயத்தைக் கேட்டதும் மங்களம் தொட்டில் புடவையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். பிறகு, "நம்ம புள்ள அங்கயே பத்திரமா இருக்கட்டுங்க, ஒம்போதாம் மாசத்துல பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுப்பிலிருந்த தாளிப்புக் கரண்டியை எடுத்து மேலே வைத்துவிட்டாள்.

தங்களுக்கென்று வைத்திருந்த முதல் "வாங்க"வையும் செலவு செய்துவிட்டேன், மன்னிக்கவும். "வாங்க மச்சான், நம்ம வீட்டுக்கு வாங்க" என்று சம்பந்தியிடம் போனில் சொன்னேன். மறுமுனையில் கடல் சத்தம்தான் கேட்டது. ஒருவேளை என் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு அவர் அங்கே வந்து நின்று, அழுதாலும் சரி, கெஞ்சினாலும் சரி, தங்கச்சி, கேட்டைத் திறக்காதீங்க.